தூங்கா நகரத்தின் உடம்பு

"உழைச்ச உடம்பு கெடாது." மதுரைப் பக்கம் எண்பதைத் தாண்டிய யாரிடம் போய் ரகசியம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே காட்டு வேலை பார்த்தே எண்பத்தெட்டு வயது வரை இருந்த எங்கள் அப்பத்தாவும் இதைத்தான் சொல்லும். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். எங்கள் தெருவில் குடியிருந்த லோடுமேன் அண்ணன் செத்துப்போன அன்றைக்குத்தான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

கீழமாசி வீதியில் முப்பது வருஷம் மூடை தூக்கியவர். லாரியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து குட்டி யானைக்கும் பருப்பு மூடை, சீனி மூடை, அரிசிச் சிப்பம். அவர் அளவுக்கு உழைத்த உடம்பை நான் பார்த்ததில்லை. தோள்பட்டை காய்த்துப்போய் இரும்பாக இருக்கும். 51 வயதில் ஒரு சித்திரை மாத மதியம், இறக்கி வைத்த மூடை மேலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் சைக்கிள் மிதித்தவர். 86 வயதிலும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறார்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் இரண்டு பேருமே உழைத்தவர்கள்தானே, பிறகு ஏன் இப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்ததில், இதே கேள்வியை எழுபது வருஷத்துக்கு முன்பே ஒருவர் பேருந்துகளை வைத்துக் கேட்டிருந்தார் என்று தெரிந்தது.

ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் லண்டனில் மாரடைப்பு ஏறிக்கொண்டே போனது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. மாரிஸ் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களின் கணக்கை எடுத்தார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சம்பளம், சாப்பாடு, குடியிருப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் டிக்கெட் போட நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படி ஏறி இறங்குவார். 1953இல் லான்செட் இதழில் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, அதில் சாவும் குறைவு. தபால் துறையிலும் பார்த்தார். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர்களின் இதயம், உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களின் இதயத்தைவிட நன்றாக இருந்தது. எங்கள் தெருத் தபால்காரர் இந்தக் கணக்கில் கச்சிதமாகப் பொருந்துகிறார்.

மாரிஸின் நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிற்பாடு அவரே ஊழியர்களின் சீருடை அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்து, டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு ஆரம்பத்திலிருந்தே அதிகம் என்று கண்டுபிடித்து அதையும் வெளியிட்டார். அதாவது, கனத்த உடம்புக்காரர்கள் டிரைவர் இருக்கைக்குப் போயிருக்கலாம், இருக்கை மட்டுமே அவர்களைக் கெடுத்திருக்க வேண்டியதில்லை என்ற சந்தேகத்தை அவரே எழுப்பினார். அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அடிப்படைக் கருத்தை உறுதி செய்தன. அவர் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

ஆக, அப்பத்தா சொன்னது சரி. அப்படியானால் லோடுமேன் அண்ணன்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது. அதே அசைவு வேலையாக வரும்போது பல ஆய்வுகளில் ஆயுளைக் குறைக்கிறது. 2018இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், கடும் உடலுழைப்பு வேலை பார்த்த ஆண்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு, லேசான வேலை பார்த்தவர்களைவிட 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். தெப்பக்குளத்தை வேகமாகச் சுற்றும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பயிற்சி. இறங்கியிருக்கும் நேரத்தில்தான் ரத்தக்குழாய் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூடை தூக்குபவருக்கு அழுத்தம் காலை ஏழு மணிக்கு ஏறினால் சாயங்காலம் வரை இறங்குவதில்லை. மூச்சைப் பிடித்து ஐம்பது கிலோவை எக்கித் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் ஒரு கணம் உச்சிக்குப் போய் வருகிறது. மதுரை வெயிலில் வேர்த்து நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும், இதயம் இன்னும் வேகமாக அடித்தாக வேண்டும். லாரி காத்துக்கொண்டிருக்கிறது. டிராபிக் போலீஸ் வண்டியை எடுக்கச் சொல்கிறார். மூடைக்கு இவ்வளவு என்று கூலி. எங்கே நிற்பது, எப்போது தண்ணீர் குடிப்பது?

இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, படிப்பு, வருமானம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், உடலுழைப்பு வேலை ஆண்களின் ஆயுளைக் குறைக்கவில்லை, சற்றே கூட்டியது என்று சொன்னது. எனக்கு இது முந்தைய ஆய்வுகளைப் பொய்யாக்குவதாகத் தெரியவில்லை. நார்வேயில் எடை தூக்குவதற்கு விதிமுறை உண்டு, ஓய்வு இடைவேளை உண்டு, நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. அங்கே உழைப்பு கொல்லவில்லை என்றால், இங்கே கொல்வது தசையின் வேலை மட்டும் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேறு ஏதோ என்றுதான் அர்த்தம்.

அந்த வேறு ஏதோவை அளந்து காட்டியவர் மைக்கேல் மார்மட் என்ற பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர். 1967இல் தொடங்கி லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் அரசாங்க உத்தியோகம். யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை, எல்லோருக்கும் ஒரே இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் சாவு விகிதம் உயர் அதிகாரிகளைப்போல மூன்று மடங்கு இருந்தது. சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளக்க முடியவில்லை. 1985இல் பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரம் பேரை வைத்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். அதில் கிடைத்த விடையில் பெரிய பங்கு ஒரே விஷயத்துக்குப் போனது: தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை. எதை முதலில் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்பதில் ஒருவருக்கு எவ்வளவு சொல் செல்லுபடியாகிறதோ, அவ்வளவுக்கு அவர் இதயம் தப்பிக்கிறது.

அப்பத்தாவின் நாளை நினைத்துப் பார்க்கிறேன். விடியும் முன்னே காட்டுக்குப் போகும். பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடிக்கும். வெயில் ஏறினால் புளியமரத்தடிக்கு வந்துவிடும், ஒரு கண் தூங்கும், வெயில் தாழ்ந்தபின் மறுபடி இறங்கும். வேலை குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் எப்போது நிமிர்வது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சொந்தக் காடு. அதே ஊரில் கூலிக்குப் போன பெண்களுக்கு இந்த ஆயுள் வாய்க்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். செல்லூர்ப் பக்கம் கைத்தறி ஓடிய காலத்தில் வீட்டிலேயே நெய்தவர்களும் இப்படித்தான். நாடாவை நிறுத்திவிட்டு வாசலில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நெசவாளிகள் வாழ்க்கை இனித்தது என்று சொல்ல வரவில்லை, வறுமையும் காசநோயும் அவர்களை எப்படி அரித்தன என்று அந்தத் தெருக்களில் கேட்டால் தெரியும். ஆனாலும் நேரம் அவர்கள் கையில் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு இன்றைய மதுரைக்கு வந்தால், முதலில் எனக்கு நினைவுக்கு வருவது ஜவுளிக்கடைப் பெண்கள். விளக்குத்தூணைச் சுற்றியும் மாசி வீதிகளிலும் எத்தனை ஆயிரம் பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்! திருமங்கலம், மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி என்று சுற்று வட்டாரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். எங்கள் மதினி மகள் ஒருத்தி ஐந்து வருஷம் ஒரு கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் பன்னிரண்டு மணி நேரம். "சித்தப்பா, கஸ்டமர் இல்லாட்டியும் சாயக் கூடாது, கேமரால பாப்பாங்க" என்பாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் கவுண்டரில் ஆள் இல்லை என்று பேச்சு வாங்க வேண்டும். இருபத்தாறு வயதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. அடிக்கடி நீர்க்கடுப்பு வேறு.

நிற்பது நல்லதுதானே, உட்கார்வதுதானே கெடுதல் என்று தோன்றும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை இறுகித் தளர வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கும். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கும், குழாய்ச் சுவர் விரியும், உள்ளே இருக்கும் வால்வுகள் பழுதாகும். பழுதானது வெளியே பாம்பு மாதிரி நெளிந்து தெரியும். அது காலோடு நிற்கிற விஷயமும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பவர்களைவிட இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது.

இந்தப் பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே உண்டு. கேரளம் 2018இல் வழிகாட்டியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கடையும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொன்னது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. இப்போது சில கடைகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் அட்டைப்பெட்டி இருக்கிறது. சேலை எடுக்கப் போகிற நாம் "உட்காந்து காட்டும்மா, பரவால்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெட்டி கீழே இறங்கும்.

அடுத்தது மணிக்கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல், இதய நோயில் சாகும் வாய்ப்பு 17 சதவீதம் கூடுதல். 2016ஆம் ஆண்டில் மட்டும் இப்படி நீண்ட வேலை நேரத்தால் உலகம் முழுவதும் இறந்தவர்கள் 7,45,000 பேர். மதுரைக் கடை ஒன்றில் காலை ஒன்பதரைக்கு ஏறி இரவு ஒன்பதரைக்கு இறங்குகிறவரின் வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் ஆறு நாளைக்கு 66 மணி நேரம். ஊருக்குப் போய்வரும் பஸ் நேரம் இதில் சேரவில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948 வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, கடைகளுக்கும் அதே வரம்புதான். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், அந்த மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டது. நல்லது நடந்தது. ஆனால் சட்டம் வராமலேயே பன்னிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் இங்கே ஏராளம்.

முதலாளிகளும் இதில் தப்பவில்லை. சொந்தக் கடை வைத்திருக்கிறவர், சாயங்காலம் இட்லிக்கடை போடுகிற அக்கா, ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோரும் தங்கள் நேரத்துக்குத் தாங்களே சொந்தக்காரர்கள் என்று தோன்றும். வட்டிக்கு வாங்கிய பணம் தலைமேல் இருந்தால் அந்த உரிமை பெயரளவுக்குத்தான். தண்டல்காரர் வரும் நேரம்தான் கடை அடைக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது ராத்திரிக்கு வருகிறேன். இது எங்கள் வீட்டுக் கதையும்கூட.

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். பகல் ஷிப்ட் ஒரு வாரம், அரை நைட் ஒரு வாரம், முழு நைட் ஒரு வாரம் என்று மாறி மாறி வரும். முழு நைட் வாரத்தில் எங்கள் வீட்டில் ரேடியோ பாடாது. காலை எட்டு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார். அம்மா எங்களைத் தெருவுக்கு விரட்டிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினொரு மணிக்கெல்லாம் வீடு அடுப்பாகிவிடும். ஒரு மணிக்கு வேர்வையில் நனைந்து எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார், கண் சிவந்திருக்கும். உடம்பு முழு நைட்டுக்குப் பழகத் தொடங்கும்போது வாரம் முடிந்து பகல் ஷிப்ட் வந்துவிடும். 44 வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. ஷிப்டால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், தாத்தாவுக்கும் இருந்தது. ஆனால் பத்து வருஷம் கழித்து வரவேண்டியதை ஷிப்ட் முன்னுக்கு இழுத்தது என்று எனக்கு உறுதியாகவே தோன்றுகிறது.

மூளைக்குள், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து அது மணி பார்க்கிறது. ஈரல், கணையம், இதயம் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள் உண்டு, அவை சாப்பாடு வரும் நேரத்தைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்ளும். இந்தக் கடிகாரத்தின் பல்சக்கரங்களான மரபணுக்களைக் கண்டறிந்ததற்குத்தான் 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரியில் விழித்து, ராத்திரியில் சாப்பிட்டு, பகலில் தூங்கினால் மூளைக் கடிகாரம் ஒரு மணி காட்டும், கணையம் வேறு மணி காட்டும். இருட்டில் சுரக்கும் மெலடோனின் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்தும். அதனால் மத்தியானம் சாப்பிட்ட அதே சோற்றை நடுராத்திரி சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், மெதுவாக இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லும் மறுபடி 2019லும் இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகமுள்ளவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறது.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு ஆய்வு இருக்கிறது, அதை இரவு வேலை பார்க்கும் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பாஸ்டன் நகரில் 19 ஆரோக்கியமானவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து இரவு வேலைபோல விழிக்க வைத்தார்கள். ஒரு பகுதியினர் ராத்திரியும் சாப்பிட்டார்கள். இன்னொரு பகுதியினர் அதே அளவு உணவைப் பகலில் மட்டும் சாப்பிட்டார்கள். ராத்திரி சாப்பிட்டவர்களுக்குச் சராசரி ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. 2021இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் செய்து பார்ப்பதில் பெரிய நஷ்டமில்லை. ஷிப்டுக்குப் போகுமுன் ஏழு மணிக்கே நன்றாகச் சாப்பிட்டுவிடுவது, நடுவில் பசித்தால் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சுண்டல், மோர் என்று முடித்துக்கொள்வது, காலையில் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் நேரத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

மதுரைக்காரனிடம் நடுராத்திரி சாப்பிடாதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு மணிக்குக் கல்லில் பரோட்டா கொத்தும் சத்தம் இந்த ஊரின் தாலாட்டு. தூங்கா நகரம் என்று நாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். மதுரைக்காஞ்சி என்ற சங்கப் பாட்டிலேயே இந்த ஊருக்குப் பகல் சந்தையான நாளங்காடியும் உண்டு, இரவுச் சந்தையான அல்லங்காடியும் உண்டு. ஆனால் அதே பாட்டைத் தொடர்ந்து படித்தால், இரண்டாம் சாமத்தில் நெடுங்கடைகளை அடைக்கிறார்கள், பலகாரம் விற்றவர்கள் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறார்கள், ஓசை அடங்கிய கடல்போல ஊர் உறங்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலிலும் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ராத்திரி பள்ளியறை பூஜை முடிந்தால் அம்மனும் சுவாமியும் துயில்கிறார்கள். மதிய ஓய்வும் இரவுத் தூக்கமும் இந்த ஊருக்குப் புதிதல்ல.

ராத்திரி உழைப்பில் கண்ணுக்கே தெரியாமல் போகிறவர்கள் பூ எடுக்கும் பெண்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லி மொட்டாகவே சந்தைக்கு வர வேண்டும், வெயில் ஏறினால் விரிந்துவிடும். அதனால் வலையங்குளம், அவனியாபுரம், உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்த முதுகோடு பறிக்கிறார்கள். பறித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் படுக்க முடியுமா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும், உலை வைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளைக்கு 299 நிமிஷம் செலவிடுவதாகவும் ஆண்கள் 97 நிமிஷம் செலவிடுவதாகவும் வந்தது. ஐந்து மணி நேரம்! கடையில் 66 மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு இதையும் கூட்டினால் வாரத்துக்கு நூறு மணி நேரம் வந்துவிடும். ஆண்களாகிய நாம் உடம்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கை விட்டுவிட்டே பேசுகிறோம். அடுக்களையில் ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டால் அது அவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம்.

உட்கார்ந்து வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு தகவலோடு நகர்கிறேன். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2016இல் வந்த ஆய்வின்படி, நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் கூடும் சாவு ஆபத்தை, தினமும் 60 முதல் 75 நிமிஷம் வேகமான நடை ஈடுகட்டிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் மறுபடியும் கேள்வி.

இதெல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்றால், நமக்கு நோய் சீக்கிரம் வருகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். உலக அளவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்கு அது 59 வாக்கில் என்றும் தெரிந்தது. பிள்ளைகள் படிப்பு முடிக்காத வயது அது, வீட்டுக்கடன் பாதி நிற்கும் வயது.

நம் கையில் இருப்பவற்றைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தத்தனேரி என்றால் நமக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வருகிறது, அங்கேதான் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. தன் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒரு தடவைகூட அந்தப் படி ஏறாதவர்களை எனக்குத் தெரியும். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும் என்ற பயம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. மாத்திரை கொண்டுவரும் பெண் கதவைத் தட்டும் நேரத்தில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருப்பதில்லை. வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதனை வேண்டும் என்று சங்கங்கள் கேட்பதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக ஒன்று. லோடுமேன் அண்ணனுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே நெஞ்சில் அடைப்பு மாதிரி இருந்திருக்கிறது. இடது தோள் கடுத்திருக்கிறது. மூடை தூக்குபவருக்குத் தோள் கடுப்பது புதிதா? "கேஸா இருக்கும்ணே, ஒரு சோடா குடிங்க" என்று யாரோ சொல்ல, பன்னீர் சோடா குடித்துவிட்டு, அந்த லாரியை மட்டும் இறக்கிவிட்டுப் போகலாம் என்று இருந்திருக்கிறார். அடைப்பு விழுந்த ரத்தக்குழாயைத் திறக்க முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம், ஒவ்வொரு அரை மணியும் இதயத் தசையில் ஒரு பகுதியைத் தின்றுகொண்டு போகும். 2023இலிருந்து தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதயம் காப்போம் திட்டத்தின் கீழ் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் 14 தயாராக வைத்திருக்கிறார்கள். அங்கே பார்த்து, மாத்திரையைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்கள். நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ இறங்கினாலோ, காரணமில்லாமல் குப்பென்று வேர்த்தாலோ, சோடாவைத் தேடாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் வரலாம். லாரி நிற்கட்டும், கடை திறந்தே கிடக்கட்டும், சூப்பர்வைசர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். 108க்கு அடியுங்கள்.